கைமாற்று

ஆறு இருபது பென்னாகரம் வண்டி.
தருமபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டில் எடை எழுதி முடித்து
ஓடிவந்து ஏறுகிறவன் நான்.
சட்டையில் புழுவின் வாசம் இருக்கும்.
பக்கத்தில் நிற்பவர்கள் அது இல்லாததுபோல் நிற்பார்கள்.
அதற்கு நன்றி சொல்ல வழியில்லை.
சொன்னால், வாசம் இருந்தது என்றாகிவிடும்.

பின்படியிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாள் கிளம்புகிறது.
"இண்டூர் ஒண்ணு."
யாரிடம் சொன்னார்?
முன்னால் இருந்த முதுகிடம்.
முதுகு திரும்பவில்லை, கை மட்டும்
தோளுக்கு மேலே மலர்ந்து வாங்கியது.
அங்கிருந்து வளையல் கை, அங்கிருந்து சிமெண்ட் காய்ந்த கை,
போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவளின்
சும்மா இருந்த இன்னொரு கை
(சண்டையில் ஒரு எழுத்தும் பிசகவில்லை),
கண்டக்டர் தீர்த்தகிரிவரை.
வந்த வழியே மீதி திரும்புகிறது,
தாளுக்குள் சில்லறையும் சீட்டும் சுருண்டு,
ஒன்பது பேர் தொட்டு, ஒருவரும் எண்ணாமல்.
பெண்களுக்குக் கட்டணமில்லை.
இல்லாத கட்டணத்தின் சீட்டும்
இதே கைகள் வழியாகத்தான் போகிறது.

இதற்கு விதி எழுதியிருக்கிறதா என்று தேடினேன்.
புகை பிடிக்காதீர், இருக்கிறது.
கை தலை நீட்டாதீர், இருக்கிறது.
அடுத்தவர் பணத்தைக் கடத்துக என்று எங்கும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை, என்ன தோன்றியதோ,
என் கைக்கு வந்த ஐந்து ரூபாய்க் காசை
நான் கடத்தவில்லை. மூடிக்கொண்டேன்.
எதிரில் ஒரு கை காற்றில் விரிந்தபடி நின்றது.
ஒரு கை அப்படி நிற்பதை அதுவரை நான் பார்த்ததேயில்லை.
திருடன் என்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.
"வண்டி ஆடுச்சில்ல, வுழுந்திருக்கும்."
"அந்த அண்ணனுக்கு மயக்கமோ என்னவோ, மூஞ்சியப் பாரு."
அதற்குள் மூன்று போன் விளக்குகள் குனிந்து
என் காலடியில் தேடத் தொடங்கின,
என் உள்ளங்கையில் வியர்த்துக்கொண்டிருந்ததை.
எனக்கான காரணத்தை நான் யோசிக்கும் முன்பே
அவர்கள் செய்து கொடுத்துவிட்டார்கள்.
சோகத்தூர் கூட்ரோட்டில் மெதுவாகக் கீழே போட்டேன்.
"தோ, கெடச்சிருச்சு."
வண்டி மொத்தமும் ஒரு மூச்சு விட்டது.

இங்கேயே இறங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

மூன்றாம் வரிசையில் மாதையன்.
பக்கத்தில் தோளில் பையோடு ஒரு பையன்.
"எந்த ஊரு தம்பி?"
"பி.அக்ரகாரம்."
"அதுல எந்தப் பக்கம்?"

ஊர் கேட்பது அன்பு. பக்கம் கேட்பது வேறு.
வண்டியில் அத்தனை பேருக்கும் தெரியும்.
வளையல் கை கம்பியை மாற்றிப் பிடித்தது.
சிமெண்ட் கை மூக்கைத் தடவியது.
நான் சன்னலுக்கு வெளியே இருட்டைப் படித்தேன்.
காதில் விழாமல் இருப்பதை எல்லோரும் சேர்ந்து செய்தோம்,
காசு கடத்துகிற அதே நேர்த்தியோடு.

நேற்றைய சாதி இன்றைக்கு ஓடாது.
இந்த வண்டி மாதிரி, தினமும் யாராவது கிளப்ப வேண்டும்.
அன்று ஆறு நாற்பதுக்கு நாங்கள் கிளப்பினோம்.

"பஸ் ஸ்டாப்பு பக்கம்ங்க" என்றான் பையன்.
பொய்யில்லை. எல்லா வீடும்
பஸ் ஸ்டாப்புக்கு ஏதோ ஒரு பக்கம்தான்.
மாதையன் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார்.
அந்நேரம் பின்னாலிருந்து ஒரு இருபது ரூபாய்
பையனின் தோளைத் தட்டியது. வாங்கி நீட்டினான்.
கேள்வி இன்னும் வாயில் இருக்க
மாதையனின் கை தானாக மலர்ந்தது.
அவர் முழங்கால் நகர்ந்ததா இல்லையா என்பது
நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

எனக்கு மீதி எட்டு ரூபாய் வர வேண்டும்.
இண்டூர் தாண்டிவிட்டது.
கேட்கவில்லை.
வந்துகொண்டிருக்கும், யார் கையிலோ.